கிணற்றை அளந்த பிறகு மோட்டார் வாங்குங்கள்!

தாம்பரத்தை அடுத்து இருக்கிறது இரும்புலியூர். ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். இந்த ஊருக்கு ஓர் ஏரி உண்டு. பக்கத்திலேயே பீர்க்கன்கரணை ஏரி. ஆகவே, இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் ஆழம் குறைந்த உறைக்கிணறுகள் இன்னும் இருக்கின்றன.

ஒரு காலத்தில் அந்தக் கிணறுகளில் ராட்டினம் கிறீச்சிட்டது. தாம்புக் கயிறு இழுத்து இழுத்துப் பெண்களின் உள்ளங்கை காய்த்துப்போயிற்று. இப்போது மோட்டார் வந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் மாடித் தொட்டி நிறைகிறது. நல்லதுதான்!

ஆனால், மோட்டார் வாங்கும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "போன கோடையில் தண்ணீர் வரவில்லை. பெரிய மோட்டாராகக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். மோட்டார் பெரிதானால் தண்ணீர் பெருகும் என்பது அவர்கள் நினைப்பு.

அப்படி அல்ல! மோட்டார் தண்ணீரை உண்டாக்காது. கிணற்றில் இருப்பதை மேலே கொண்டுவரும். அவ்வளவுதான்.

25 அடிதான் எல்லை

தரையில் வைக்கும் பம்புக்கு ஓர் எல்லை உண்டு.

இளநீரைக் குழல் போட்டு உறிஞ்சுகிறோம். குழலுக்குள் காற்று குறைகிறது. வெளியே இருக்கும் காற்று இளநீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. பம்பும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. காற்றின் அழுத்தத்தால் தண்ணீரைச் சுமார் 34 அடிக்கு மேல் தள்ள முடியாது. 1640-களில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி இதை விளக்கினார். நடைமுறையில் 34 அடியும் கிடைக்காது. குழாயின் உராய்வு, வளைவு, சிறு கசிவு எல்லாம் போக, சுமார் 25 அடிதான் மிஞ்சும்.

மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் பத்தடியில் நிற்கலாம். சித்திரை வெயிலில் அதுவே 28 அடிக்கு இறங்கினால்? தரையில் இருக்கும் மோட்டார் சுற்றும். தண்ணீர் வராது. அரைக் குதிரை சக்தி மோட்டாரை எடுத்துவிட்டு, ஐந்து குதிரை சக்தி மோட்டார் வைத்தாலும் இதே கதிதான்! தண்ணீர் இல்லாமல் ஓடி ஓடி பம்பு கெட்டுப்போகும். பணமும் போகும்.

இதற்கு வழி, பெரிய மோட்டார் அல்ல. பம்பைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோக வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் மோட்டாரை இறக்கலாம். அல்லது, ஜெட் பம்பு வைக்கலாம்.

கயிறு சொல்லும் கணக்கு

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் ஒரு கயிறு வேண்டும். அதன் நுனியில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றில் விட வேண்டும். தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது? எத்தனை அடி நிற்கிறது? கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை அளந்து எழுதி வைக்க வேண்டும்.

நான்கு அடி அகலமுள்ள உறைக்கிணற்றில் ஓர் அடி தண்ணீர் என்பது சுமார் 350 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பினால், கிணற்றில் கிட்டத்தட்ட மூன்றடி இறங்கிவிடும். பிறகு ஊற்று எவ்வளவு நேரத்தில் அதை நிரப்புகிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கு ஓர் அடி ஊறினால், அந்தக் கிணற்றின் வருமானம் மணிக்கு 350 லிட்டர்தான்.

அரைக் குதிரை சக்தி மோட்டாரே மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் இறைக்கும். வரவு 350, செலவு ஆயிரம்! குடும்பம் எப்படி நடக்கும்? அதனால், சிறிய மோட்டாரை வைத்துக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறைப்பதே புத்திசாலித்தனம்.

வைக்கும் முறையும் முக்கியம். உறிஞ்சும் குழாயில் வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். இணைப்புகளில் காற்றுக் கசிவு கூடாது. அடியில் உள்ள புட் வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அது கசிந்தால், ஒவ்வொரு தடவையும் பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டுக் கிணறு

தாம்பரம் வட்டாரத்தில் மண்ணுக்குக் கீழே இருப்பது கெட்டியான பாறை. பல்லாவரம் குன்றில் தெரிகிறதே, அதே கருங்கல்தான். பாறைக்கு மேலே உள்ள மக்கிய அடுக்கில்தான் மழைத் தண்ணீர் தங்குகிறது. அது அளவான சேமிப்பு. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. ஒரு வீட்டில் பெரிய மோட்டார் நாள் முழுவதும் ஓடினால், அடுத்த வீட்டுக் கிணறும் வற்றும். அவரும் பெரிய மோட்டார் வாங்குவார். கடைசியில் இரண்டு வீட்டு வாசலிலும் தண்ணீர் லாரி நிற்கும்!

"போர் போட்டுவிட்டால் போயிற்று. கிணற்றை மூடிவிடலாம்" என்கிறார்கள் சிலர். போர் பாறை இடுக்கில் உள்ள தண்ணீரை எடுக்கிறது. அதுவும் வற்றும். 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதை மறக்கலாமா?

வானம் தரும் வருமானம்

கிணற்றை மூடக்கூடாது. அதற்கு மழையைக் கொடுக்க வேண்டும்.

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், சுமார் 930 லிட்டர் தண்ணீர். சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர் தேறும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏறக்குறைய ஐந்து மாதத் தண்ணீர்! அத்தனையும் தெருவில் ஓடலாமா?

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது. ஆனால் குப்பை அடைத்துக் கிடக்கிறது. மாடியைப் பெருக்கி, முதல் மழையை வெளியே விட்டு, மணலும் ஜல்லியும் போட்ட தொட்டியில் வடிகட்டிக் கிணற்றில் விட்டால் போதும்.

உயிர் முக்கியம்

புட் வால்வை எடுப்பதற்காக யாரும் தனியாகக் கிணற்றில் இறங்கக்கூடாது. நச்சுக் காற்று இருக்கலாம். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கிவிடுவார். மோட்டாருக்கு எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் தானே நிற்கும் சுவிட்சும் அவசியம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக்கூடாது. குழந்தைகள் விழாதபடி கிணற்றுக்குக் கம்பி வலை வேண்டும்.

மோட்டார் விற்கும் கடைக்காரருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "எத்தனை குதிரை சக்தி வேண்டும்?" என்று அவர் கேட்பது பிறகு இருக்கட்டும். "கோடையில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும்?" என்று முதலில் கேட்க வேண்டும்.

அதற்குப் பதில் தெரியாதவர், வீட்டுக்குத் திரும்பிப்போய்க் கயிற்றை எடுக்கட்டும்!