அடிக்கோல் மறவாதீர்!

திருவண்ணாமலையில் என் நாத்தனார் வீட்டுப் பரணில் அவள் மாமனார் காலத்து ஹார்ன்பி பொம்மை ரயில் ஒன்று இருக்கிறது. சாவி கொடுத்தால் இன்றும் சக்கரம் சுழலும். ஓடுவதற்குத் தண்டவாளந்தான் இல்லை. சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் பொம்மைத் தண்டவாளம் ஒரு கட்டு மலிவாக அகப்பட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாதி விலைக்குப் பேசி வாங்கி வந்தாள். ரயிலை வைத்தால் சக்கரம் உட்காரவே இல்லை! பேரன் முகம் வாடிவிட்டது.

காரணம் இதுதான். ரயில் 'ஓ' கேஜ். தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். வாங்கியதோ 'டபிள் ஓ', 16.5 மில்லிமீட்டர். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதிதா? மீட்டர் கேஜில் வந்த வண்டி, அகலப் பாதை போட்ட பிறகு வரவில்லையே!

ஆகவே சகோதரிகளே, பழைய சாமான் வாங்கப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால், பையில் அடிக்கோல் இருக்கட்டும். மின்சார ரயிலானால் கம்பிகளையும் எண்ணுங்கள். ஹார்ன்பி டப்ளோ 1938-ல் மூன்று கம்பியோடு வந்தது; 1959-ல் இரண்டு கம்பி ரயிலும் வந்தது. ஒன்றின் எஞ்சின் மற்றதில் ஓடாது. சிக்னல், ஸ்டேஷன் போன்றவற்றில் மேல் துருவைத் துடைத்துவிடலாம். தகரம் பொத்தலாகியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று: பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். எதையும் வாயில் வைக்கும் குழந்தையிடம் கொடுக்கவே கூடாது.

நாத்தனார் மறுபடி போனாள், அடிக்கோலோடு. இப்போது கூடத்தில் ரயில் வட்டமிடுகிறது. பேரன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கை தட்டுகிறான்.