எல்லாப் பந்துக்கும் பெட்டைச் சுத்தணுமா?

மென்பந்து மெட்ச் பார்க்கப் போனால் இரண்டு வசனம் கட்டாயம் காதில் விழும். ஒரு பந்தை விட்டவனுக்கு, "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற, அடி!" அவனே அடுத்த பந்தைத் தூக்கி அடித்து கெட்ச் கொடுத்தால், "இவனுக்குப் பொறுமையே இல்ல!" இரண்டையும் சொல்றது ஒரே வாய்தான். அப்போ துடுப்பாட்டக்காரன் என்னதான் செய்யணும்?

என்னைக் கேட்டால், பந்தைத் தேர்ந்து அடிக்கிறது குணம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அது கணக்கு. விக்கெட்டுக்கு என்ன விலை, பந்துக்கு என்ன விலை என்று பார்த்துத்தான் போடணும்.

டெஸ்ட் மெட்ச்சில் ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்து. இருப்பது 10 விக்கெட். ஒரு நாள் முழுக்க நின்று பிடிக்க, ஒவ்வொரு விக்கெட்டும் சராசரியாக 54 பந்து தாங்கணும். அங்கே விக்கெட் தங்கம், பந்து தண்ணி. எங்கள் ஐந்து ஓவர் மெட்ச்சிலோ மொத்தமே 30 பந்து. 11 பேர் டீம் என்றால் ஒரு விக்கெட்டுக்கு 3 பந்துதான். கணக்கு அப்படியே தலைகீழாகிறது. இங்கே சும்மா விட்ட ஒரு பந்து பெரிய நட்டம்.

கண்டிக்காரருக்கு இதை விளக்க இரண்டு பேரே போதும். திரித்துவக் கல்லூரியில் படித்த குமார் சங்கக்கார 2006இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 287 ஓட்டம் எடுத்தார். மஹேல ஜயவர்தனவோடு சேர்ந்து குவித்தது 624. தனக்குத் தோதில்லாத பந்தை விடத் தெரியாத ஆளுக்கு அவ்வளவு நேரம் நிற்க வராது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முத்தையா முரளிதரன் வேறு ரகம். கடைசி வரிசையில் வந்து, காலை ஒதுக்கிக்கொண்டு சுத்துவார். அவருடைய ஆகக்கூடிய டெஸ்ட் ஓட்டம் 67, 2001இல் இந்தியாவுக்கு எதிராக இதே கண்டி அஸ்கிரிய மைதானத்தில் வந்தது. ஒருவர் பொறுமைசாலி, மற்றவர் அவசரக்காரர் என்று சொல்லிட முடியாது. இரண்டு பேருமே தங்கள் விக்கெட்டின் விலை தெரிந்து ஆடினவங்க.

"அப்போ ஐந்து ஓவர்ல எல்லாத்தையும் சுத்தலாம்தானே?" என்று கேட்பீங்க. இல்லை. இங்கேதான் பேஸ்போல்காரர் ஒருவரைக் கூப்பிடணும். அமெரிக்காவின் டெட் வில்லியம்ஸ் 1941இல் .406 சராசரி எடுத்தவர். 1970இல் 'த சயின்ஸ் ஒஃப் ஹிட்டிங்' என்ற புத்தகத்தில் அடிக்க வேண்டிய பரப்பை 77 பந்துகளாகப் பிரித்துப் படம் போட்டுக் காட்டினார். தனக்குப் பிடித்த நடு இடத்தில் வந்தால் .400 அடிப்பேன், வெளிப்பக்கக் கீழ் மூலையில் வந்தால் .230தான் என்பது அவர் மதிப்பீடு. ஆள் ஒன்று, பெட் ஒன்று, இடம் மாறினால் பலன் கிட்டத்தட்டப் பாதி.

ஆனால் பேஸ்போலிலும் சொப்ட்போலிலும் விடுறதுக்குக் கூலி உண்டு. பரப்புக்கு வெளியே வரும் நாலு பந்தை விட்டால் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அதனால் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்ததும் தேர்வைத் தளர்த்தி, கிட்ட வர்றதையெல்லாம் தொடத்தான் வேணும். ஒரே ஆளுக்குள்ளேயே நிலைமைக்கு ஏற்ப அளவு மாறுது.

மென்பந்தில் விடுறதுக்கு ஒரே ஒரு கூலிதான். வைட். ஓர் ஓட்டமும் வரும், இன்னொரு பந்தும் வரும். அதையும் எட்டி எட்டித் துரத்துறவங்களைத்தான் எனக்குப் புரியல. இன்னொரு விஷயம் பந்தின் எடை. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை. விளிம்பில் பட்ட கடினபந்து சில நேரம் எல்லைக் கோடு வரை ஓடிடும். டென்னிஸ் பந்து அந்தரத்தில் ஏறி நேரே கைக்குள் வந்து விழும். அதனால் ஐந்து ஓவர் மெட்ச்சில் தேர்வு என்றால் அடிக்கிறதா விடுறதா என்பதில்லை. எதைத் தூக்குறது, எதைத் தரையோடு தட்டி ஓடுறது என்பதுதான். என் இடத்தில் வந்தால் முழு வீச்சு. மற்றதெல்லாம் ஒரு ஓட்டம். வைட் என்றால் கை கட்டி நில்.

இது வரைக்கும் கணக்கு. கணக்குக்கு வெளியே ஒன்று இருக்கு, அதுதான் எனக்கு முக்கியம்.

தன் இடம் எது என்று ஒருத்தனுக்கு எப்படித் தெரியும்? நூற்றுக்கணக்கான பந்து விளையாடினால்தான் தெரியும். வலைப் பயிற்சியும் கோச்சும் இருக்கிற பாடசாலைப் பிள்ளைக்கு அது கிடைக்குது. கலஹா, தெல்தோட்டை பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு முன்னால் இருக்கிற துண்டு நிலத்தில், இருபது பேர் ஒரு பெட்டைப் பங்கு போட்டு ஆடுற பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கிடைப்பதே இரண்டு மூன்று பந்து. பந்து தேயிலைக்குள் போனால் அவுட் வேற. அந்த இரண்டு பந்தில் ஒன்றை விட்டுப் பார்க்கச் சொல்ல எந்த முகத்தோடு போறது? அவன் சுத்துறான் என்றால் அவன் நிலைமைக்கு அது சரியான கணக்கு. பெண்கள் டீம்களிலும் இதே கதைதான். வருஷத்தில் ஒரு சுற்றுப்போட்டிக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, "இவங்களுக்கு அடிக்கத் தெரியாது" என்று முடிவும் கட்டிடுறாங்க. நாளைக்கும் பந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறவருக்குத்தான் பொறுமை வரும்.

எங்கள் நாட்டு எல்லே விளையாட்டு இந்த விஷயத்தில் நியாயமானது. அடிக்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் மூன்று வாய்ப்பு. முதலாவதைத் தவறவிட்டாலும் பதறத் தேவையில்லை.

அதையே மென்பந்துப் பயிற்சிக்குக் கொண்டுவாங்க. மெட்ச் எப்படியும் நடக்கட்டும். பயிற்சியில் மட்டும் அவுட் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஆளுக்குப் 12 பந்து. கெப்டனுக்கும் அதேதான், கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளைக்கும் அதேதான். ஒரு மாதம் போனால் யாருக்கு எந்த இடம் என்று அவங்கவங்களுக்கே தெரிய வரும். அதுக்குப் பிறகு ஒருத்தன் கண்ட பந்தைத் துரத்தி அவுட் ஆனால், தாராளமாகத் திட்டுங்க.