விளையாட்டு யாருக்கு விளையாட்டு?



சிறுவயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், கல்லூரியில் இறுதியாண்டு தொடங்கியபோது நம்மைக் காண வந்தார். புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்களிடம் தாமும் தோழர்களும் ஒரு வேடிக்கை செய்யவிருப்பதாகக் கூறினார். அவர் பேராசிரியரைப் போல வகுப்பில் நுழைவார். வருகைப் பதிவு எடுப்பார். உடனே ஒரு தேர்வு வைப்பார். தேறாதவர்கள் நாளை பெற்றோரை அழைத்துவர வேண்டும் என்று கடிந்துரைப்பார். பத்து நிமிடம் கழித்து உண்மையைச் சொல்லி, அனைவருக்கும் இனிப்பு வழங்குவார்கள். "யாரையும் தொடமாட்டோம், ஹஜ்ரத். ஒருவருக்கும் தீங்கில்லை. இது கூடும்தானே?" என்று கேட்டார்.

நாம் உடனே பதில் கூறவில்லை. "அந்த வகுப்பில் யார் யார் அமர்ந்திருப்பார்கள், தம்பி?" என்று மட்டும் கேட்டோம்.

சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் எனப் பல ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள் என்றார். கல்வராயன் மலையிலிருந்தும் சிலர் வந்திருக்கிறார்கள் என்றார். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு மலையாளிப் பழங்குடி மாணவரை எண்ணிப் பார்க்குமாறு அவரிடம் சொன்னோம். பெற்றோரை அழைத்து வா என்றால், அம்மாணவரின் தந்தை ஒரு நாள் கூலியை இழந்து, மலையிறங்கிப் பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அம்மாணவர் எதை நினைப்பார்? "இந்த இடம் நமக்கு உரியதன்று, ஊருக்கே திரும்பிவிடலாம்" என்று நினைத்துவிட்டால், பிறகு தரும் இனிப்பு அதை அழித்துவிடுமா?

தீங்கு இருந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வேடிக்கை செய்தவரிடம் இல்லை. அதற்கு ஆளானவரிடமே இருக்கிறது. நாம் இங்குச் சொல்ல வந்தது இது ஒன்றே.

மார்க்கமும் இதையே கற்பிக்கிறது. நபித்தோழர்கள் பயணத்தில் இருந்தபோது ஒருவர் உறங்கிவிட்டார். மற்றொருவர் சென்று, அவரிடமிருந்த கயிற்றை எடுத்தார். உறங்கியவர் திடுக்கிட்டு எழுந்தார். அங்கே அடியில்லை, வசையில்லை, இழப்புமில்லை. ஆயினும் ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. சகோதரனின் பொருளை விளையாட்டாகவும் எடுக்கலாகாது என்பதும், மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்பதும் அதே நூலில் உள்ளன. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆவது வசனம் எச்சரிக்கிறது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிடச் சிறந்தவர்களாக இருக்கக்கூடும் என்று காரணமும் கூறுகிறது.

நாட்டின் சட்டமும் இவ்விடத்தில் மார்க்கத்தோடு ஒத்து நிற்கிறது. 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயின்ற பொன் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அக்குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் மீண்டும் நிலைநாட்டியது. அக்கொடுமையைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. கொடுஞ்செயலுக்குப் பின் வந்த அச்சட்டம், கொடுஞ்செயலைப் பற்றி மட்டும் பேசவில்லை. மாணவருக்கு அச்சமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்குவதையும் ராகிங் என்கிறது. குறும்பு வேடிக்கை செய்வதையும், இயல்பாக ஒருவர் விரும்பிச் செய்யாததைச் செய்யச் சொல்வதையும் அதனுள் அடக்குகிறது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம் என்பன அதன் தண்டனைகள். எல்லா வேடிக்கையும் கொலையில் முடியும் என்று நாம் கூறவில்லை. அச்சத்தை விளையாட்டாகக் கருதும் மனம்தான் அப்பாதையின் முதற்படி என்பதையே கூறுகிறோம்.

அப்படியானால் இஸ்லாம் சிரிப்பை வெறுக்கிறதா? இல்லை. ஏறிச் செல்ல ஒட்டகம் கேட்டவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருகிறோம் என்றார்கள் நபியவர்கள். குட்டியை வைத்து என்ன செய்வேன் என அவர் திகைத்தபோது, எல்லா ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என விளக்கினார்கள். அதில் பொய்யில்லை, கேட்டவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

இதனினும் அழகானது, திர்மிதீயின் ஷமாயிலில் உள்ள ஸாஹிர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. பாலைவனவாசியான அவர் நபியவர்களுக்குக் காணிக்கைகள் கொண்டுவருவார். அவர் நமது பாலை, நாம் அவரது நகரம் என்று நபியவர்கள் அன்போடு குறிப்பிடுவார்கள். தோற்றப் பொலிவு அற்ற அவர் சந்தையில் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது, நபியவர்கள் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டார்கள். யாரெனத் திமிறித் திரும்பியவர், அறிந்ததும் தம் முதுகை அத்திருநெஞ்சோடு மேலும் சேர்த்துக்கொண்டார். இந்த அடிமையை வாங்குவோர் யார் என நபியவர்கள் விளையாட்டாகக் கேட்டார்கள். தாம் விலைபோகாத சரக்கு என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடம் நீர் மதிப்புமிக்கவர் என்றார்கள் நபியவர்கள். அந்த வேடிக்கை முடிந்தபோது, அதற்கு ஆளானவர் முன்பிருந்ததைவிட உயர்ந்து நின்றார். நம் பிள்ளைகளின் குறும்புகளுக்கு இதுவே உரைகல்.

அன்பார்ந்த பெற்றோரே! மகனோ மகளோ முதலாண்டில் சேரும்போது, "யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்களா?" என்று நாள்தோறும் கேட்கிறோம். 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு உதவி எண்ணையும் குறித்துக் கொடுக்கிறோம், அது தேவைதான். ஆனால் அதே பிள்ளை இறுதியாண்டுக்கு வந்ததும், "உன்னால் யாராவது துன்பப்படுகிறார்களா?" என்று எத்தனை வீடுகளில் கேட்கப்படுகிறது? ராகிங் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியில் பெற்றோராகிய நாமும் ஒப்பமிடுகிறோம். அது கல்லூரி அலுவலகத்துக்கான காகிதம் மட்டுமன்று. அல்லாஹ்வின் முன்னிலையில் நாம் கொடுத்த வாக்கு.

நம்மிடம் வந்த மாணவர் சிறிது நேரம் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். பிறகு, "தேர்வு வைக்கலாம், ஹஜ்ரத். ஆனால் எழுதுவது நாங்கள், கேட்பது அவர்கள்" என்றார். அவ்வாறே, கல்லூரியின் அனுமதி பெற்று நடந்ததாகப் பின்னர் வந்து சொன்னார். விருப்பமுள்ள புதியவர்கள் கேள்வி கேட்டார்கள், மூத்தவர்கள் விழித்தார்கள். மலையிலிருந்து வந்த மாணவர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து இரு பிடி தானியத்தை எடுத்து மேசைமேல் வைத்து, சாமை எது, தினை எது என்று கேட்டாராம். இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அன்று அனைவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தவர்கள் தோற்றவர்களே.

பிறரை அஞ்சவைக்காத சிரிப்பையும், பிறர் மதிப்பை உயர்த்தும் நட்பையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.