தடுப்பில் தொடங்கும் வித்தை

அபுதாபிக்கு அருகே, பணிமனைகள் நிறைந்த முசஃபாவில், உஷ்ணம் தணிந்த சாயங்கால வேளைகளில் வெள்ளுடை தரித்த நம் குழந்தைகள் கராத்தே வகுப்புக்குச் செல்வதைக் காண மனம் மகிழ்கிறது. ஆயினும், பெற்றோர் பலர் பட்டையின் வர்ணத்தையே வித்தையின் அளவாகக் கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை; அந்த அளவு தடுப்புப் பயிற்சியிலேயே உள்ளது.

ஒகினாவாவில் வளர்ந்த இக்கலையைப் பள்ளிச் சிறுவர்க்கு உரியதாக இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஐந்து கட்டாக்களாக, அதாவது தனியே செய்து பழகும் அசைவு வரிசைகளாக, வகுத்த இதோசு அன்கோ, அவை ஒவ்வொன்றையும் அடியால் அன்றித் தடுப்பாலேயே தொடங்கும்படி அமைத்தார். 1922-இல் டோக்கியோவில் கராத்தேயை நிகழ்த்திக் காட்டிய கிச்சின் புனகோஷியும், முதல் தாக்குதல் என்பது இவ்வித்தையில் இல்லை என்றே போதித்தார். ஒரு கை முன்சென்று தடுக்க, மறு கை இடுப்பருகே பின்வாங்கி நிற்க, அந்த இடுப்பின் திருப்பத்திலிருந்தே குத்துக்குரிய சக்தி பிறக்கும் அப்பயிற்சி, பார்ப்பவர்க்குச் சலிப்பூட்டினும், அபாய காலத்தில் சிந்தனைக்கு முன்னே சரீரம் இயங்குவதற்குரிய சாதகமாகும். ஆனால் வெறும் காற்றைத் தடுத்துப் பழகியவனுக்கு எதிரியின் தூரமும் வேகமும் புலப்படா. ஆகவே, ஒருவர் ஐந்து முறை முன்னேறித் தாக்க, மற்றவர் பின்வாங்கித் தடுத்து, இறுதியில் திருப்பித் தாக்கும் ஜோடிப் பயிற்சிக்கே வகுப்பில் அதிக நேரம் அளிக்க வேண்டும்.

இப்பயிற்சி சிறுவரோடு நின்றுவிடலாகாது. இரவுப் பணி முடிந்து தனியே திரும்பும் செவிலியரையும், கடைகளில் உழைக்கும் பெண்களையும் உத்தேசித்து, ஞாயிறு காலைகளில் எளிய கட்டணத்தில் ஒரு வகுப்பை இங்குள்ள பயிற்சிக் கூடங்கள் ஆரம்பிக்க வேண்டும்.