பாலாற்றில் கிடைக்கும் பத்து நிமிடம்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாக மைசூருக்கு வரும் பஸ், பாலாறு சோதனைச் சாவடியில் நிற்கும். பத்திரிகைக்காரர்களுக்குப் பாலாறு என்றால் 1993 ஏப்ரலில் வெடித்த கண்ணிவெடியும் அதில் போன 22 உயிர்களும்தான் நினைவுக்கு வரும். நமக்கோ அது ஊர்ப் பையோடு இறங்கிக் காலை நீட்டுகிற இடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கர்நாடகம்.

அங்கே நாம் பலமுறை கண்ட காட்சி ஒன்று. பஸ் நின்றதும் வேலைக்கு வருகிற நம் பாய்மார் இரண்டு மூன்று பேர் இறங்குவார்கள். பாட்டில் தண்ணீரில் ஒளு செய்து, துண்டை விரித்து, சாலையோரம் அஸர் தொழுவார்கள். பயணத்தில் நான்கு ரக்அத் இரண்டாகச் சுருங்கும், சட்டென்று முடிந்துவிடும். மாதப்பனைக் கும்பிட மலைக்குப் போகிற கூட்டமும் அதே பஸ்ஸில்தான் இருக்கும். "பாய் ஏறிட்டாரா?" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். "இதோ முடிச்சுட்டாருங்க, ஒரு நிமிசம்" என்று விபூதி பூசிய சேலத்து அம்மா ஒருவர் பதில் சொல்வார். பஸ் நிற்கும். யாருடைய சாமியும் கோபித்துக்கொண்டதில்லை.

அதே பாய் பெங்களூரில் வந்து இறங்கி, டைல்ஸ் ஒட்டவோ மூட்டை தூக்கவோ போனால் அந்தப் பத்து நிமிடம் எங்கே போய்விடுகிறது? இதைத்தான் கேட்கிறோம்.

கேட்க வேண்டிய அவசியம் சென்ற மாதம் வந்தது. பெங்களூரில் நம்மவர் நிறைந்த ஒரு தெருவில், மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து முப்பது தொழிலாளிகள் தொழுது வருகிறார்கள். ஒலிபெருக்கி கிடையாது. அங்கே தொழுகை கூடாது என்று ஒரு மனு தயாராகிறது. மனுவில் பதினொரு தமிழ்க் கையெழுத்துகள். அவற்றில் நான்கு, இந்தப் பத்திரிகையைச் சந்தா கட்டிப் படிக்கிறவர்களுடையவை! ஆத்திரத்தைவிட வெட்கமே நமக்கு அதிகம்.

ஐந்து வேளைத் தொழுகை என்றதும் நாள் முழுதும் வேலை கெடும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. கணக்குப் பார்ப்போமே. சுபுஹு விடியலுக்கு முன்னே, இஷா இரவில், மஃரிப் சூரியன் மறைந்ததும். வேலை நேரத்தில் விழுவது லுஹரும் அஸரும்தான். லுஹர் சாப்பாட்டு வேளையோடு போகும். மிச்சம் அஸர் ஒன்று. அதற்கு வேண்டியது ஒரு பாய் அளவு இடம், ஒரு செம்புத் தண்ணீர், பத்து நிமிடம். டீக்கும் பீடிக்கும் நாம் எடுத்துக்கொள்கிற நேரம் அதைவிடக் கூடுதல் என்பதை மனச்சாட்சியுள்ள எந்த மேஸ்திரியும் ஒப்புக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குத் தெரு அடைபடுகிறதே என்பது வேறு கேள்வி. அது நியாயமான கேள்வியும்கூட. ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டாமா? லட்சக்கணக்கில் உழைப்பாளிகளை இழுத்து வளரும் புது நகரங்களில் அவர்கள் கூடித் தொழ இடம் எங்கே வைத்தீர்கள்?

டில்லிக்குப் பக்கத்தில் குருகிராமைப் பாருங்கள். 2018இல் திறந்தவெளி ஜும்மாவுக்கு எதிராகக் கூச்சல் கிளம்பியது. நூற்றுக்கும் மேல் இருந்த இடங்களை அதிகாரிகள் 37 ஆக்கினார்கள். 2021இல் அதுவும் குறைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், திறந்தவெளித் தொழுகையைச் சகிக்க முடியாது என்று அரியானா முதலமைச்சரே சொன்னார். சரி, பள்ளிவாசலுக்குள் தொழுதவர்களையாவது விட்டார்களா? 2023 ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறந்த இரவில் 57ஆம் செக்டார் பள்ளிவாசலைக் கொளுத்தி, அங்கிருந்த இளம் இமாமைக் கொன்றார்கள். வெளியே தொழாதே என்பார்கள். உள்ளே தொழுதால் கொளுத்துவார்கள். போக்குவரத்து நெரிசலா இவர்களுடைய கவலை?

இன்னொரு விந்தை. 1994 அக்டோபரில் அயோத்தி நில வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளிவாசல் இஸ்லாத்தின் இன்றியமையாத அங்கமல்ல, தொழுகையை எங்கும், திறந்தவெளியிலும்கூட, நடத்தலாம் என்று சொன்னது. பள்ளிவாசல் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும்போது அந்த வாசகம் இனித்தது. அதே வாசகத்தைப் பிடித்துக்கொண்டு ஏழைத் தொழிலாளி திறந்தவெளியில் நின்றால் கசக்கிறது!

குருகிராம் தூரம் என்று சொல்பவர்களுக்கு, நம் காலடியில் நடந்ததைச் சொல்கிறோம். பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் நாம் எத்தனை முறை மூட்டை முடிச்சோடு இறங்கியிருக்கிறோம்! அங்கே 5ஆம் பிளாட்பாரத்தில் போர்ட்டர்கள் ஓய்வறை. பல ஆண்டுகளாக முஸ்லிம் போர்ட்டர்கள் அதில் தொழுது வந்தார்கள். 2022 ஜனவரி இறுதியில் ஓர் இந்து அமைப்பினர் உள்ளே புகுந்து, இது ரயில்வே இடம், இங்கே தொழுகை எதற்கு என்று ரகளை செய்தார்கள். நாள் முழுதும் பிறர் பாரத்தைச் சுமக்கிற தோள், ஓய்வு நேரத்தில் தன் ஓய்வறையில் குனிந்தால் நாட்டுக்கு ஆபத்தாம். ஆயுத பூஜையன்று எத்தனை ஒர்க்ஷாப்பில் இயந்திரத்தை நிறுத்திப் பொட்டு வைக்கிறோம், நடுத்தெருவில் பூசணிக்காய் உடைக்கிறோம்! யாரும் தடுத்ததில்லை. தடுக்கவும் கூடாது.

ஒலிபெருக்கிப் பேச்சும் இப்படித்தான். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. 2022 மே மாதம் கர்நாடக அரசு அதை எல்லோருக்குமாக வலியுறுத்தியபோது, மாநிலத்தின் முஸ்லிம் மார்க்கத் தலைவர்கள் அந்த நேரத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் பாங்கு சொல்ல இசைந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், பாங்கின் வாசகம் பிறருடைய உரிமையை மீறுகிறது என்ற வாதத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளியது. சிங்கப்பூரில் 1970களில் பேசி முடித்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை உட்புறம் திருப்பி, பாங்கை வானொலியில் ஒலிக்கச் செய்தார்கள். பேசினால் வழி பிறக்கும். ஆடிக் கூழுக்கு நாம் பத்து நாள் ரேடியோ செட் கட்டுகிறோமே, அதற்கும் இந்த விதி உண்டென்று நம் விழாக் குழுக்களுக்கு இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

கையெழுத்திட்ட நண்பர்களே, உங்களுக்கு ஞாபகமறதி அதிகம். 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி இந்த நகரில் வீடுகள் எரிந்தபோது "இது உங்கள் ஊரா?" என்ற கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டது? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி ஓடியது யார்? அல்சூரில் வள்ளுவர் சிலையை 18 ஆண்டுகள் மூடிவைத்திருந்தார்களே! 2009 ஆகஸ்டில் திரை விலகும்வரை, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலைகுனிந்தோமே! தமிழரைத் துரத்திய மூன்றாம் ஆண்டிலேயே, 1994 அக்டோபரில், தூர்தர்ஷனில் சில நிமிட உருதுச் செய்தியைக் காரணம் காட்டி முஸ்லிம்கள் மீது பாய்ந்தார்கள், உயிர்கள் போயின. வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் (அது இன்னொரு பாலாறு, நந்தி மலையில் பிறப்பது) பிழைக்க வருகிற உருதும் தமிழும் பேசும் நம் மக்களுக்கு இந்த நகரில் அடி இரண்டு பக்கமும் விழும்.

இதில் முதலாளிக்கு என்ன லாபம் என்பதையும் பாருங்கள். 5 மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு, 150 பேருக்கு மேல் வேலை செய்தால் ஓய்வறை என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. கார்மென்ட்ஸில் தைக்கிற நம் பெண்களைக் கேளுங்கள், கழிவறைக்குப் போனாலும் கணக்கெழுதுகிறார்கள். பாயின் பத்து நிமிடத்தைப் பறிக்க நாம் கைதட்டினால், அடுத்து நம் வீட்டுப் பெண்ணின் ஐந்து நிமிடத்துக்கு யார் வாய் திறப்பார்கள்? ஒழுங்கான ஓய்வறை ஒன்று இருந்தால் ஒரு மூலையில் ஒருவர் தொழுவார், இன்னொரு மூலையில் இன்னொருவர் கண்ணயர்வார்.

கையெழுத்திட்ட நால்வர் வீட்டுக்கும் போனோம். ஒருவர் சொன்னார்: "வீட்டு ஓனர் நீட்டினாருண்ணே. போடலைன்னா காலி பண்ணச் சொல்லுவாரு. அட்வான்ஸ் அவரு கையில இருக்கு." இந்தப் பயத்தை நாம் இளக்காரமாகப் பார்க்கவில்லை. தனி ஆளாகப் போய் மறுக்கச் சொல்லவும் இல்லை. மனு வரும் திங்களன்று கொடுக்கப்படுகிறது. கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தைச் சங்கமே எழுதி வைத்திருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாலை 7 மணிக்குமேல் சங்க அறை திறந்திருக்கும். பதினொரு பேரும் வரலாம். ஓனரிடம் செயற்குழு முழுவதும் உடன் வரும். மாடி அறைப் பாய்மாரும் மஃரிப் முடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.