பாதிப் பாராட்டு யாருக்கு?



கால்பந்து என்றதும் யார் நினைவுக்கு வருவார்கள்? கோல் அடிப்பவர்கள்தானே! இன்று, மைதானக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தபடியே கோப்பைகளை ஜெயித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் பிரையன் கிளஃப். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில் 1935-ல் பிறந்தவர்.

முதலில் அவரும் கோல் அடித்தவர்தான். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள்! ஆனால் 1962 டிசம்பர் 26 அன்று ஆட்டத்தில் முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. அப்போது வயது 27. விளையாட்டு வாழ்க்கை ஏறக்குறைய அன்றே முடிந்துவிட்டது.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1965-ல், 30 வயதில், நான்காம் பிரிவில் தடுமாறிக் கொண்டிருந்த ஹார்ட்டில்பூல்ஸ் அணிக்கு மேலாளர் ஆனார். யாரை வாங்குவது, யாரை எங்கே ஆடவைப்பது என்று முடிவு செய்பவர் மேலாளர். போகும்போது தன் பழைய நண்பர் பீட்டர் டெய்லரை உதவியாளராக அழைத்துக்கொண்டார். டெய்லர், மிடில்ஸ்பரோவில் கோல்கீப்பராக இருந்தவர்.

இருவரும் இரண்டு துருவங்கள். வீரர்களிடம் பேசி அவர்களைச் சிங்கமாக்குவது கிளஃபின் வேலை. எங்கோ ஒரு மூலையில் இருக்கும் நல்ல வீரரைக் கண்டுபிடிப்பது டெய்லரின் வேலை. 1967-ல் இருவரும் இரண்டாம் பிரிவில் இருந்த டெர்பி கவுன்ட்டி அணிக்குப் போனார்கள். 1972-ல் அது இங்கிலாந்தின் சாம்பியன்!

நிர்வாகத்துடன் மோதி 1973-ல் இருவரும் டெர்பியை விட்டு விலகி, பிரைட்டன் அணிக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு, நடப்புச் சாம்பியன் லீட்ஸ் யுனைடெட் கிளஃபை அழைத்தது. டெய்லர் வரவில்லை. கிளஃப் தனியாகப் போனார். போனதுமே வீரர்களிடம், ‘நீங்கள் வாங்கிய பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள். நேர்மையாக ஜெயித்தவை அல்ல’ என்கிற மாதிரிப் பேசினாராம். அந்த வீரர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள்.

என்ன ஆயிற்று? ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி. 44-வது நாள் வேலை போயிற்று!

‘லீட்ஸ் வீரர்கள் ஒத்துழைக்கவில்லை, அதுதான் காரணம்’ என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிதாக வந்தவர், பழையவர்களின் உழைப்பை முதல் நாளே அவமதித்தால் யார்தான் ஒத்துழைப்பார்கள்? ‘வேண்டாம் பிரையன், இப்படிப் பேசாதே’ என்று சொல்ல, பக்கத்தில் நண்பர் இல்லை. அதுதான் குறை.

1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு வந்தார் கிளஃப். அதுவும் இரண்டாம் பிரிவுதான். 1976-ல் டெய்லர் வந்து சேர்ந்தார். பிறகு பாருங்கள்! 1977-ல் முதல் பிரிவுக்கு உயர்வு. 1978-ல் சாம்பியன். 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை! முரடர் என்று பெயரெடுத்த கென்னி பர்ன்ஸை வாங்கக் கிளஃப் தயங்கினார். டெய்லர் விடவில்லை. அந்த பர்ன்ஸ்தான் 1978-ல் ஆண்டின் சிறந்த வீரர்.

இதற்குப் பிறகு வருவதுதான் சோகம். 1983-ல் டெய்லர் டெர்பியின் மேலாளர். கிளஃபின் அணியில் இருந்த ஜான் ராபர்ட்சனை, கிளஃபிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் அணியில் சேர்த்துக்கொண்டார். கிளஃபுக்குக் கடும் கோபம். பேச்சு நின்றது. 1990-ல் டெய்லர் இறந்தார். அதுவரை இருவரும் சமாதானம் ஆகவே இல்லை.

தவறு டெய்லருடையது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு ஏழு ஆண்டு மௌனமா? டெய்லர் போன பிறகும் கிளஃப் 1989, 1990-ல் லீக் கோப்பைகளை வென்றார். ஆனால் நாட்டின் சாம்பியன் பட்டமோ, ஐரோப்பியக் கோப்பையோ மறுபடி கிடைக்கவில்லை. 1993-ல் ஃபாரஸ்ட் கீழ்ப் பிரிவுக்கு இறங்க, அவரும் ஓய்வு பெற்றார். 1994-ல் எழுதிய சுயசரிதையை டெய்லருக்கே சமர்ப்பித்தார். படிக்க டெய்லர் இல்லையே!

கிளஃப் 2004-ல் காலமானார். டெர்பி மைதானத்துக்கு வெளியே 2010-ல் இருவருக்கும் சேர்த்தே ஒரு சிலை வைத்தார்கள். வாழும்போது சேராதவர்கள் வெண்கலத்தில் சேர்ந்து நிற்கிறார்கள்.

செல்லங்களே, உங்கள் வெற்றியிலும் பாதி, பேர் தெரியாத யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். கணக்கில் நீங்கள் செய்த தப்பைத் தைரியமாகச் சுட்டிக்காட்டும் நண்பனாகவும் இருக்கலாம். அவனோடு ‘டூ’ விட்டிருக்கிறீர்களா? நாளைக் காலை பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் நீங்களே முதலில் போய்ப் பேசிவிடுங்கள். கோப்பையை அடுத்த ஆண்டும் ஜெயிக்கலாம். நண்பன் அப்படியா?