குக்கரும் பங்கும்

எங்கள் வீட்டு குக்கர் அம்மா வாங்கியது. இருபத்தைந்து வருஷமாக அதில்தான் பருப்பு வேகிறது. இதுவரை மாற்றியது நாலைந்து காஸ்கெட்டும் ஒரு கைப்பிடியும்தான். "இப்படி உழைக்கிற சாமானைச் செய்கிற கம்பெனிப்பா. பங்கு வாங்கிப் போடு, தங்கம் மாதிரி" என்றார் சித்தப்பா, போன வாரம்.

அவர் சொன்ன காரணமே என்னை யோசிக்க வைத்தது. பற்பசை மாதாமாதம் தீர்கிறது, குக்கர் தீர்வதில்லை. இத்தனை நன்றாகச் செய்து கொடுத்தவர்களிடம் நாங்கள் இன்னொன்று வாங்கவே இல்லையே!

ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.டி.கே. பிரெஸ்டீஜின் கதையைப் பாருங்கள். கடைகளில் விற்ற போலி சேஃப்டி வால்வுகளால் குக்கர்கள் வெடித்தபோது, நிறுவனத்தை நடத்திவந்த டி.டி. ஜெகந்நாதன் தானே ஒரு வழி கண்டார். மூடியின் விளிம்பில் சிறு திறப்பு. அழுத்தம் மீறினால் காஸ்கெட் அதன் வழியே பிதுங்கி, நீராவி வெளியேறிவிடும். எத்தனை அடுப்படிகளைக் காத்த யோசனை அது! அப்படிப்பட்ட நிறுவனமும் 2000-களின் தொடக்கத்தில் நஷ்டத்தில் விழுந்தது. குக்கரை மட்டும் நம்பாமல் அடுப்பு, மிக்ஸி, நான்ஸ்டிக் தவா என்று விரிந்த பிறகே நிமிர்ந்தது.

விழுந்து கிடந்தபோது துணிந்து பங்கு வாங்கியவர்களுக்குப் பணம் பல மடங்கானது. 2021-ன் உச்சத்தில் வாங்கியவர்களோ 2025-லும் போட்ட முதலைக்கூடப் பார்க்கவில்லை. குக்கர் இரண்டு காலத்திலும் நல்ல குக்கர்தான். பங்குக்குக் கொடுத்த விலைதான் வேறு.

இன்னொன்றும் உண்டு. அலுமினியம் விலை ஏறினால் பிரெஸ்டீஜ்காரர்கள் உடனே குக்கர் விலையை ஏற்றிவிட முடியாது. பாத்திரக்கடையில் அதே தட்டில் ஹாக்கின்ஸும் பட்டர்ஃபிளையும் இருக்கின்றன. தீபாவளித் தள்ளுபடி வேறு. ஏறிய செலவில் ஒரு பகுதி லாபத்திலிருந்துதான் போகும்.

சித்தப்பா, வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும் முன் ஐந்து வருஷ ஆண்டறிக்கைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை கூடியதா, லாபமும் கூடவே கூடியதா, கடன் எவ்வளவு என்று பாருங்கள். புரியாத இடத்தில் என்னைக் கூப்பிடுங்கள், சேர்ந்து படிப்போம். தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள்.